மூன்று சாலை, ஒரே கழுத்து

கொடைக்கானலுக்கு வண்டி ஏற மூன்று மலைப்பாதைகள் உண்டு: வத்தலக்குண்டுப் பாதை, பழனிப் பாதை, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக வரும் குறுகிய பாதை. மூன்றும் பெருமாள்மலை அருகே ஒன்றாகிவிடுகின்றன. அங்கிருந்து ஊருக்குள் போக ஒரே சாலைதான். சுற்றுலாப் பேருந்தும் காய்கறி லாரியும் 108 ஆம்புலன்ஸும் அதில்தான் போயாக வேண்டும்.

இந்தச் சாலைகள் வருமுன், பெரியகுளம் அடிவாரத்திலிருந்து வெள்ளகவி வழியாக நடந்தோ டோலியிலோதான் மலையேறினார்கள். முதல் உலகப் போர் சமயத்தில் வத்தலக்குண்டுப் பாதையில் மோட்டார் வண்டி ஏறத் தொடங்கியதும் அந்த நடைபாதையை ஊர் மறந்தது. ஆனால் சாலை வராத மலைக்கிராமமான வெள்ளகவியின் மக்களால் மறக்க முடியவில்லை. அங்கே பிரசவ வலி கண்டவரையும் பாம்பு கடித்தவரையும் கம்பில் போர்வையைக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து, மேலே வட்டக்கானலுக்கோ கீழே கும்பக்கரைக்கோ கொண்டு சேர்ப்பது பல தலைமுறைப் பழக்கம்.

சாலை இருக்கும் ஊர்களின் சிக்கல் வேறு மாதிரி. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலைக் கிராமத்தார் சிகிச்சைக்குக் கொடைக்கானலுக்கு வர வேண்டும். நோய் முற்றியிருந்தால் திண்டுக்கல், தேனி அல்லது 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரை. ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பயணத்தில் கணிசமான நேரத்தை ஊருக்குள் இருக்கும் நெரிசலே தின்றுவிடும். மூஞ்சிக்கல்லில் இருபுறமும் கடை, கடைக்கு முன் கார், நடுவில் மிஞ்சுவது ஒரு வண்டிக்கான இடம். சைரன் ஒலித்தாலும் முன்னால் நிற்பவர் ஒதுங்க ஓரம் கிடையாது. வான் ஆலன் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே கோக்கர்ஸ் வாக் என்ற சுற்றுலா நடைபாதை தொடங்குகிறது. நோயாளி வரும் வழியும் வேடிக்கை பார்க்க வருபவர் வண்டி நிறுத்தும் இடமும் அடுத்தடுத்து அமைந்துவிட்டன.

இந்த நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள். உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. வணிகர்கள் இதை எதிர்த்தார்கள். பிழைப்பு சீசனை நம்பி இருக்கும் ஊரில் அது இயல்புதான்.

ஆனால் இ-பாஸ் எண்ணுவது மலையேறும் வண்டிகளைத்தான். அவை எங்கே நிற்கின்றன என்பது அதன் கணக்கில் இல்லை. ஆம்புலன்ஸை மறிப்பதோ பெரும்பாலும் நிற்கும் வண்டி. சுற்றுலாக் கார்களைப் பெருமாள்மலைப் பக்கமே நிறுத்தி, பயணிகளைச் சிறு பேருந்துகளில் ஊருக்குள் கொண்டுபோனால் நெரிசல் பெருமளவு குறையும். அதுவரை, மூஞ்சிக்கல்லிலும் மருத்துவமனை வாசல்களிலும் சாலையோரம் கார் நிறுத்துவதையாவது சீசன் மாதங்களில் முழுமையாகத் தடுக்க வேண்டும்.