மணலில் ஓடும் வண்டிக்கு எந்த பேட்டரி?

கடையில் எடுத்துப் பார்க்கும் எந்த லைப்போ பேட்டரியின் மீதும் மூன்று எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும்: உதாரணமாக, 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச், 100 சி. முதல் எண்ணை அப்படியே நம்பலாம். இரண்டாவதை எடை போட்டுப் பார்த்துவிட்டு நம்பலாம். மூன்றாவதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். ரிமோட் கார், டிரக் ஓட்டும் பழக்கத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். சி எண் எதில் பெரிதோ அதைத் தேடி வாங்குகிறார்கள். ஒரே கோடையில் அது உப்பிப்போகிறது. இந்தப் பொழுதுபோக்கு நமக்குக் கட்டுப்படியாகாது என்று வண்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதற்குக் காரணம் வெயில், மணல், உப்புக்காற்று.

ஆர்சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ரேடியோ கட்டுப்பாட்டுப் பொழுதுபோக்கு பற்றித் தமிழ்நாட்டில் பலர் கேள்விப்பட்டதே நடிகர் அஜித்குமார் மூலமாகத்தான். சிறிய விமானங்களை இயக்குவதில் ஆர்வம் கொண்ட அவர், 2018-ல் குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரியின் தக்‌ஷா மாணவர் அணிக்கு ஆலோசகரானார். அந்த அணி அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது. மின்சாரத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கும் மணலில் ஓடும் டிரக்குக்கும் பேட்டரியின் வேதியியல் ஒன்றுதான். ஆனால் பறப்பதற்குக் காற்று எப்போதும் மேலே பட்டுக்கொண்டே இருக்கும். டிரக்கின் பேட்டரி மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், சூடான மோட்டாருக்குப் பக்கத்தில், கல்லும் மண்ணும் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் விமானக்காரர் சொல்லும் யோசனை வண்டிக்காரருக்கு அப்படியே பொருந்தாது.

லைப்போ என்பது லித்தியம் பாலிமர். பெயரில் பாலிமர் இருந்தாலும், இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை சாதாரண லித்தியம் அயனி பேட்டரியின் நெருங்கிய உறவுதான். 1991-ல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படைக்காகத்தான் 2019-ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. வித்தியாசம் உறையில் இருக்கிறது. இரும்புக் குப்பி கிடையாது; அலுமினியம் கலந்த மெல்லிய பைக்குள் தாமிரத் தகடு, அலுமினியத் தகடு, நடுவே பிரிப்பான் என்று அடுக்கி, மின்பகு திரவத்தை ஊற்றி ஒட்டிவிடுகிறார்கள். எடை குறைகிறது, மின்னோட்டம் தாராளமாக வருகிறது. பதிலுக்கு, உள்ளே வாயு உண்டானால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை, பை உப்பும். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நெடுங்காலமாக இதில் ஈடுபட்டிருக்கிறது. சென்னை தரமணியில் அதற்கு ஒரு பிரிவும் உண்டு. ஆனால் ஆர்சி கடைக்கு வரும் செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருபவை.

ஒரு செல்லின் சராசரி 3.7 வோல்ட். முழுதாக நிரம்பினால் 4.2. இரண்டு செல்லைத் தொடராக இணைத்தால் 2 எஸ், அதாவது 7.4 வோல்ட், மூன்று என்றால் 3 எஸ், 11.1 வோல்ட். வண்டியின் இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, எத்தனை எஸ் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

எம்ஏஎச் என்பது கொள்ளளவு. இதைச் சோதிக்கச் சமையலறைத் தராசு போதும். 7.4 வோல்ட்டையும் 5 ஆம்பியர் மணியையும் பெருக்கினால் 37 வாட் மணி. இந்த வகை பேட்டரி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 150 வாட் மணி தரும். ஆக 37 வாட் மணிக்கு 250 கிராம் வேண்டும். கெட்டியான பெட்டியும் வயரும் சேர்ந்தால் 300 வரை போகலாம். மேலே 8000 என்று அச்சடித்து 200 கிராம்தான் இருக்கிறது என்றால், அது கிலோவுக்கு 300 வாட் மணியை நெருங்கும் கணக்கு. மோட்டார் கேட்டதும் மின்னோட்டத்தை அள்ளிக் கொடுக்க வேண்டிய பேட்டரியில் அது நடக்காத காரியம். இணையத்தில் வாங்கும்போது விற்பனைப் பக்கத்தில் எடையைக் குறிப்பிடாதவர்களிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

சி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்பதுதான் அது. 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 100 சி என்றால் 500 ஆம்பியர். அப்படிக் கொடுத்தால் முழு பேட்டரியும் 36 விநாடியில் காலி. அந்த பேட்டரியின் முனையில் இருக்கும் எக்ஸ்டி 60 கனெக்டரோ, பெயர் சொல்வது போல, 60 ஆம்பியருக்குச் செய்தது. 500 ஆம்பியர் அதன் வழியே போகாது. போனால் சால்டர் உருகி வயர் கழன்றுவிடும். இன்னொரு முரணும் உண்டு. உண்மையாகவே அதிக மின்னோட்டம் தர வேண்டுமானால், தகடுகளின் மீது பூசும் வேதிப்பொருள் மெல்லியதாக இருக்க வேண்டும். அதற்குத் தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதாவது நிஜமான உயர் சி பேட்டரி, அதே கொள்ளளவுள்ள சாதாரண பேட்டரியைவிடக் கனமாக இருக்கும். கனம் குறைவு, சி அதிகம், விலையும் மலிவு என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு வரலாம்.

சி எண்ணுக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது உள்தடை. நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் மில்லி ஓமில் காட்டும். புதிய 5000 எம்ஏஎச் பேட்டரியில் செல்லுக்கு 3, 4 என்று இருந்தால் நல்ல சரக்கு. 12 என்று காட்டினால் என்ன ஆகும்? மணலில் டிரக் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மில்லி ஓம் செல் இரண்டில் 13 வாட் வெப்பமாகப் போகும். 12 மில்லி ஓம் செல் இரண்டில் 38 வாட். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, மூடிய பெட்டிக்குள், பேட்டரியின் வயிற்றிலேயே பிறக்கிறது. கூடவே ஏறத்தாழ ஒரு வோல்ட்டும் வழியிலேயே தொலைந்துபோகும், வண்டி சோம்பும். செல்களுக்குள் எண்கள் ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று 4, இன்னொன்று 9 என்றால், அந்த 9 தான் முதலில் சாகும். கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இனி நம் ஊர் தரை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய காய்ந்த மணலில் ஓட்டும்போது மோட்டார் ஓய்வே எடுக்காது. தார்ச்சாலையில் வேகம் பிடித்ததும் மின்னோட்டம் இறங்கிவிடும். மணலில் டயர் எந்நேரமும் தோண்டிக்கொண்டே இருக்கும், மின்னோட்டமும் ஏறிய இடத்திலேயே நிற்கும். இஎஸ்சி அனுமதித்தால் இங்கே 3 எஸ் நல்லது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: மோட்டார் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தை, அதாவது பினியனை, இன்னும் சிறியதாக மாற்ற வேண்டும். வோல்ட் கூடுவதால் அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும், பேட்டரி குளிர்ச்சியாக இருக்கும். பினியனை மாற்றாமல் 3 எஸ் போட்டால் வேகம் வரும், மோட்டார் வேகும். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பாறைக்காடுகளில் மெதுவாக ஏறும் கிராலர் வண்டிக்குக் கதையே வேறு. அது அதிகம் இழுக்காது. ட்ரோன்களுக்கும் விமானங்களுக்கும் விற்கும் 2200 எம்ஏஎச் சிறு பேட்டரியே அதற்குத் தாராளம்; சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் சரக்கு அது. மேலுறை மென்மையானதாக இருக்கும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் வைத்து இறுக்க வேண்டும். எகிறிக் குதிக்கும் டிரக்குக்கோ கெட்டியான பெட்டியில் வரும் பேட்டரி கட்டாயம். ஒரு கூர்க்கல் பையைக் குத்தினால் உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும்.

ஈர மணலில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஓட்டாவிட்டாலும் கடற்காற்றே கனெக்டரைத் தேடி வரும். தங்க முலாம் பூசிய முனை தப்பித்துவிடும். அதற்குப் பின்னால், சால்டர் வைத்த இடத்தில், தாமிர இழைகள் மீது பச்சைக் களிம்பு ஏறும். அதை மூடியிருக்கும் சுருக்குக்குழாயைக் கொஞ்சம் விலக்கினால் தெரியும். அங்கே தடை கூடும், சூடு கூடும், பேட்டரி மீது பழி விழும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது இதற்குப் பெரிய காப்பு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும். வலை உலர்த்தும் இடங்களும் மீனவர்களின் பிழைப்பு இடங்கள். அந்த மணலை விட்டு விலகி, சவுக்குத் தோப்பு ஓரங்களிலும் கோடையில் வற்றிய ஏரிப் படுகைகளிலும் ஓட்டுவதுதான் முறை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெயில். லித்தியம் பேட்டரியை 60 டிகிரிக்கு மேல் சூடேற விடக்கூடாது, 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மார்கழிக் காலையில் காற்று 25 டிகிரி என்றால் பேட்டரி சூடாவதற்கு 35 டிகிரி இடைவெளி இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் காற்றே 40 டிகிரி. மிச்சம் 20 தான். மார்கழியில் சமாளித்த அதே பேட்டரி சித்திரையில் உப்புவது இதனால்தான். மே மாதம் ஓட்டுவதானால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓட்டி முடித்ததும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் பினியன் பெரிது, அல்லது பேட்டரி சிறிது. நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் கார் தானாகவே அந்த வரம்பை எட்டிவிடும்.

ஓட்டாதபோதும் வெயில் வேலை செய்யும். முழுதாக நிரப்பிய லைப்போ சூடான அறையில் சும்மா கிடந்தாலே உள்ளே வேதிச் சிதைவு நடந்து வாயு சேர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காகச் சனி இரவே நிரப்பி வைப்பது, மழை வந்ததும் அப்படியே மறந்துவிடுவது, ஐப்பசி கார்த்திகை முழுவதும் அது 4.2 வோல்ட்டில் கிடப்பது: நம் பக்கம் பேட்டரிகள் சாகும் வழி பெரும்பாலும் இதுதான். ஓட்டப்போகும் நாள் காலையில் நிரப்புங்கள். ஓட்டவில்லையென்றால் சார்ஜரில் ஸ்டோரேஜ் என்ற முறையில் போட்டு, செல்லுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள். மறுபக்கம், 3.3 வோல்ட்டுக்குக் கீழே போகும்வரை ஓட்டவும் கூடாது. பழைய நிக்கல் பேட்டரியோடு வந்த வண்டி என்றால் இஎஸ்சியை லைப்போ முறைக்கு மாற்றியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். மாற்றாவிட்டால் அது வோல்ட் இறங்குவதைக் கவனிக்காமல் கடைசிவரை உறிஞ்சிவிடும். அந்த வசதியே இல்லாத இஎஸ்சிக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் சின்ன அலாரம் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

ஆகையால் பணம் கொஞ்சமாக இருந்தால் அதை முதலில் சார்ஜரில் போடுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன் செய்து ஏற்ற வேண்டும், ஸ்டோரேஜ் முறை இருக்க வேண்டும், உள்தடை காட்ட வேண்டும். 5000 எம்ஏஎச் பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றினால் போதும், அவசரம் வேண்டாம். கண்பார்வையில், எரியக்கூடிய சாமான் பக்கத்தில் இல்லாத இடத்தில், பாதி மணல் நிரப்பிய மண்தொட்டிக்குள் வைத்து ஏற்றுவது உலகெங்கும் ஆர்சிக்காரர்கள் செய்வது. தொட்டியை இறுக மூடிவிடக் கூடாது, புகை வெளியேற வழி வேண்டும்.

மலிவு எது என்பதை இப்படிக் கணக்கிடலாம். 1500 ரூபாய் பேட்டரி 30 சார்ஜில் படுத்துவிட்டால் ஒரு ஓட்டத்துக்கு 50 ரூபாய். 3000 ரூபாய் பேட்டரி 150 சார்ஜ் வந்தால் 20 ரூபாய். அதே 1500 ரூபாய் பேட்டரியை மேலே சொன்னபடி வைத்திருந்து 100 சார்ஜ் வாங்கிவிட்டால் 15 ரூபாய். அதனால் எடை சரியாக இருக்கும் நடுத்தர பேட்டரியே என் தேர்வு. அதிலும் பெரிதாக ஒன்று வாங்குவதைவிட அளவாக இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றது நிழலில் ஆறும், மோட்டாருக்கும் இடையில் ஓய்வு கிடைக்கும். வாங்கும்போது தயாரித்த தேதியைக் கேளுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் ஓராண்டு கிடந்த புதிய பேட்டரி புதியதல்ல. முடிந்தால் செல் வோல்ட்டைக் கடையிலேயே அளந்து பாருங்கள். 3.8-ஐ ஒட்டி, எல்லாச் செல்லும் ஒரே அளவில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பஞ்சு போல் அமுங்குவதைத் தொடவே வேண்டாம்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மிக ஆபத்தானது, செய்யாதீர்கள். வெட்டவெளியில், மணல் மேல் வைத்து, ஆட்டோ ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்து, அது மங்கி அணைந்த பிறகும் விட்டுவைத்து முற்றிலும் வடிய விடுங்கள். பிறகு முனைகளில் டேப் சுற்றி மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கலாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் இருக்கிறது. வாங்கிய கடையில் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று, புதியதற்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.