முதலில் பிறந்த தேதியைக் கேளுங்கள்

2025 செப்டம்பர் 1 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் இந்த ஒரே சட்டம் நிற்கிறது. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வெளியானது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்ற விதி பொருந்தாது என்று அந்த ஆணை சொல்கிறது. செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர்களுக்குக் குடியுரிமைக்கே கதவு திறந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். அப்படித் திறக்கவில்லை. எது திறந்தது, எது பூட்டியே கிடக்கிறது என்பதைப் புழல் காவாங்கரை முகாமிலிருந்தும், கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்தும், பதிவோடு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர்களிடமிருந்தும் வரும் மனுக்களைக் கையில் எடுக்கும் இளம் வக்கீல்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடல் கடந்து வந்தவர்கள் வடசென்னைக்குப் புதியவர்கள் அல்ல. பர்மாவில் நே வின் ஆட்சி வணிகத்தை அரசுடைமையாக்கியபோது, 1964 முதல் தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியில் வீடு கட்டிக்கொண்டார்கள். எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் என்றே ஓர் ஊர் உண்டானது. 1969இல் பர்மா பஜார் வந்தது. அவர்களும் எல்லாவற்றையும் இழந்துதான் வந்தார்கள். ஆனால் இந்திய அரசு தானே ஏற்பாடு செய்த கப்பலில், தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் குடியுரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களிடம் காட்டுவதற்குத் தாள் இல்லை. நாற்பது ஆண்டுகள் கடந்தும், இங்கேயே பிறந்து பெயின்ட் அடிக்கவும் கம்பெனி வேலைக்கும் போகும் அவர்கள் பிள்ளைகள் வெளிநாட்டவர் கணக்கில்தான் இருக்கிறார்கள். இது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அநீதி என்று சொன்னால் மட்டும் மனு ஜெயிக்காது என்பதால் சட்டத்துக்குள் போவோம்.

விலக்கு ஆணை உண்மையில் என்ன தருகிறது? பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் புதிய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பயம் பதிவு செய்த பழைய அகதிகளுக்கு நீங்கியது. அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் அவர்கள் வெளிநாட்டவர் என்ற நிலை மாறவில்லை. வெளிநாட்டவர் எங்கே தங்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் அரசிடம் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாம் அந்த அதிகாரத்தில்தான் நடக்கிறது.

ஆணையின் வாசகத்தில் இரண்டு இடங்களை அடிக்கோடிட வேண்டும். ஒன்று ‘பதிவு செய்த’ என்பது. முகாம் அட்டையோ காவல் நிலையப் பதிவோ இல்லாமல் உறவினர் வீட்டில் தங்கியே காலம் கழித்தவர்கள் இதற்குள் வரமாட்டார்கள். இன்னொன்று தேதி. 2022 பொருளாதார நெருக்கடியில் பசி தாங்காமல் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்களே, அவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. யாராவது அவர்களுக்காக வாதாட வந்தால், விலக்கு ஆணையை நம்பாமல் வேறு வழி தேட வேண்டும்.

முகாம்வாசிகளிடம் உரக்கச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏஜென்ட் சொன்னான் என்று பொய் முகவரியில் இந்திய பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போகப் பார்ப்பவர்களை விலக்கு ஆணை காப்பாற்றாது. போலி ஆவணத்துக்கு இப்போது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்குகிறது. அந்த ஒரு வழக்கு, பின்னால் போடக்கூடிய குடியுரிமை மனுவையும் கெடுத்துவிடும்.

இனி தேதிக்கு வருவோம். வக்கீல் முதலில் கேட்க வேண்டியது எப்போது வந்தீர்கள் என்று அல்ல, எப்போது எங்கே பிறந்தீர்கள் என்று. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 3 மூன்று படிகளாக இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், தூதர் பிள்ளை போன்ற ஓரிரு விதிவிலக்கு தவிர, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். யாரும் அவருக்குக் குடியுரிமை ‘கொடுக்க’ வேண்டியதில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்பு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பிறந்த ஆண்டை வைத்து மூன்று வகை பிரித்தார்களே, அதுவும் இந்தப் படிகளின்படிதான்.

1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் பிறந்தவர்கள் எவ்வளவு முக்கியமானவர்கள் என்று இப்போது புரியும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் இந்தியக் குடிமகள் என்று சொல்லி பாஸ்போர்ட் கேட்டார். மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் பார்த்து அவர் குடிமகளே என்று தீர்ப்பளித்தார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். சிறு வயதிலிருந்து அகதி அட்டையில் பெயர் இருந்ததும், அரசு உதவித்தொகை வாங்கியதும் அவர் உரிமையைப் பறிக்கவில்லை.

நம் பகுதியில் இப்படி எத்தனை பேர் தெரியாமலே இருக்கிறார்கள் என்று தேட வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் முகாமுக்கு வெளியே தங்கியிருந்த ஒரு தாய்க்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ பிரசவம் ஆகியிருந்தால், மாநகராட்சியின் பிறப்புப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் வழக்கு. பதிவே செய்யாமல் விட்டிருந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 13(3)இன் கீழ் தாமதப் பதிவுக்கு மனுப் போடலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்த உத்தரவை வழங்குபவர் வருவாய்த் துறை அதிகாரி, குற்றவியல் நடுவர் அல்லர். ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தடுப்பூசி அட்டை, முகாமின் பழைய குடும்ப அட்டை எல்லாம் துணைச் சான்றுகள். ஒன்றோடொன்று தேதி முரண்படுகிறதா என்று மனுப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்க ஒரு வயது கூட்டிச் சொன்ன பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது. இங்கே அது 1987இன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையே மாற்றிவிடும்.

ஒருவர் குடிமகன் என்று ஆனதும் சங்கிலி நீள்கிறது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தாய் 1985இல் ராயபுரத்தில் பிறந்தவர். கணவர் 1990இல் படகில் வந்தவர். மூத்த பிள்ளை 2004 அக்டோபரில் பிறந்தது. தாய் குடிமகள் என்பதால் அந்தப் பிள்ளையும் பிறப்பால் குடிமகன். இளையவள் 2009இல் பிறந்தாள். தந்தையைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்று கருதுவதால் அவள் குடிமகள் அல்ல. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒரே பள்ளியில் படித்தவர்கள். இளையவளுக்கு வழி பிரிவு 5இல் இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்த மைனரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்ற 5(4) அது. அதைப் பதினெட்டு வயதுக்குள் கேட்க வேண்டும். பிறந்தநாள் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். இப்படிப்பட்ட குடும்பம் உங்களிடம் வந்தால் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த மனுவைப் போடுங்கள்.

1987க்குப் பிறகு, இரு பெற்றோரும் இலங்கையராக இருக்க, இங்கே பிறந்தவர்கள்தான் இப்போது பெரும் தொகை. அவர்களுக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. குறைந்தது பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தவர் கேட்கக்கூடிய பிரிவு 6 இருக்கிறது. ஆனால் சட்டவிரோதக் குடியேறி அதைக் கேட்க முடியாது. 2003 திருத்தம் கொண்டுவந்த தடை அது. இங்கே ஒரு வாதம் உண்டு, அதை இன்னும் பலமாக எடுத்துவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரிவு 2(1)(ஆ) சட்டவிரோதக் குடியேறி என்று சொல்வது, செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தவரை, அல்லது ஆவணத்தோடு நுழைந்து காலக்கெடு தாண்டித் தங்கியவரை. இரண்டுக்குமே நுழைவு வேண்டும். கும்மிடிப்பூண்டியில் பிறந்த பெண் எங்கிருந்து எங்கே நுழைந்தாள்? அவள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால் அவளுக்குப் பிரிவு 6இன் தடை பொருந்தாது.

படகில் வந்த பெற்றோருக்கு இன்னொரு வாதம் வைக்கலாம்: 2025 ஆணை பாஸ்போர்ட் விதியையே விலக்கிவிட்ட பிறகு, அதை மீறி நுழைந்தவர் என்று எப்படிச் சொல்வது? நல்ல வாதம்தான், ஆனால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு 2015இலேயே, ஆப்கானிஸ்தான் சிறுபான்மையினருக்கு 2016இல், இதே போன்ற விலக்கு கொடுத்தார்கள். அது போதாது என்றுதான் 2019இல் குடியுரிமைச் சட்டத்தையே திருத்தி, 2024 மார்ச்சில் விதிகளை வெளியிட்டார்கள். விலக்கே போதுமென்றால் திருத்தம் எதற்கு என்று அரசு வக்கீல் கேட்பார். அந்தத் திருத்தத்தில் இலங்கையைச் சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக்கு வேலையே இருந்திருக்காது. சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களைத் தனியாகப் பாருங்கள். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்தக் குடும்பங்களில் சிலர் ஒப்பந்தக் கப்பலில் வராமல், கலவரத்துக்குப் பின் அகதியாக வந்தார்கள். தாத்தாவின் விண்ணப்பமோ, தோட்டத்துத் தாளோ, பழைய இந்திய பாஸ்போர்ட்டோ பெட்டியின் அடியில் கிடக்கலாம். அப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளை, அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவிட்டது. எனவே யாழ்ப்பாணமா, மலையகமா என்று கேட்காமல் மனு எழுதாதீர்கள்.

வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை சம்பந்தப்பட்டவர் தலையில்தான் என்பதைப் பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவரைப் பிடித்து நீ வெளிநாட்டவன் என்று சொல்ல முடியாது என்று 2024 ஜூலையில் அசாம் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. திருவொற்றியூர், மணலி கம்பெனிகளில் வேலை செய்யும் வங்காளம் பேசும் தொழிலாளியைச் சந்தேகத்தில் பிடித்தால் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்துவைக்க வேண்டும். மறுபக்கம், 2025 மே மாதம் தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்த அதே நீதிமன்றம், உலகெங்கும் இருந்து வருபவர்களுக்கு இடம் கொடுக்க இந்தியா சத்திரம் அல்ல என்று வாய்மொழியாகச் சொன்னது. கடும் சொல்தான். ஆனாலும் அது குற்றத் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு. பிரிவு 3இல் பிறந்த தேதியை வைத்துக் கேட்பவரை அது தொடாது. இரண்டையும் குழப்பும் வாதத்துக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போக விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களிடமும் ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் படகில் நாட்டைவிட்டு வெளியேறியதை இலங்கைக் குடிவரவுச் சட்டம் இன்னும் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2025இல் இங்கிருந்து முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். வெளியேறும் அனுமதியும், இலங்கைத் துணைத் தூதரகத்தின் தற்காலிகப் பயண ஆவணமும் கையில் இருந்தால் போதும் என்று நினைத்து டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். இறங்கும் இடத்தில் ஒரு வக்கீலை முன்கூட்டியே ஏற்பாடு செய்த பிறகு போடச் சொல்லுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளையும் அழைத்துப் போவதாக இருந்தால், அவர்களில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் யாராவது இருக்கிறாரா என்று அதற்கும் முன்பே பாருங்கள். அவர் இலங்கைப் பிரஜையாகத் தம்மைப் பதிந்துகொண்டால் இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுவார்.