‘ஜாக்கிரதை’ என்று சொன்னால் மட்டும் போதுமா?



மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம். 1966-ல் அந்த நாளில்தான் தேசிய பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்டது. பெரிய கம்பெனிகளில் அன்று உறுதிமொழி எடுப்பார்கள், தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். நம்ம பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடுதே, இங்கே என்ன பயிற்சி? தமிழ் பேசுற வீட்டில் “ஜாக்கிரதை”, தெலுங்கு பேசுற வீட்டில் “ஜாக்ரத்த”. அந்த ஒரு வார்த்தையோடு பயிற்சி முடிஞ்சுடுது! அது போதாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1. பறக்கும் நாடா

தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது நாடா. கட்டையால் செய்தது, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிபட்டு ஓடும். பாவு இழை ஒன்று அறுந்து பக்கத்து இழைகளோடு சிக்கிக்கொண்டால் நாடாவின் வழி அடைபடும். உடனே அது மேலே எழும்பி வெளியே பறந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு நாடா பட்டு புருவத்தில் தையல் போட்டார்கள். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும். “அவன் கவனிக்கல” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நாடா பறந்தது அவர் ஓட்டிய தறியிலிருந்து அல்ல, அடுத்த தறியிலிருந்து! முதுகுக்குப் பின்னால் வருவதை யாரால் கவனிக்க முடியும்?

இதற்கு வழி இருக்கிறது. நாடா ஓடும் பாதைக்கு மேலே, அச்சுக்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி போட வேண்டும். தறியின் இரண்டு பக்கமும் கம்பி வலை வைக்க வேண்டும். அப்புறம் நாடா எழும்பினாலும் ஆள் மேல் வராது.

2. பெல்ட்டும் பின்னலும்

மோட்டார் பெல்ட்டும் பல்சக்கரமும் மூடாமல் இருந்தால் முந்தானை, தாவணி, பின்னல் எதையும் இழுத்துக்கொள்ளும். கையை எடுப்பதற்குள் மிஷின் ஒரு சுற்று சுற்றிவிடும். அதனால் முதலில் மூடி போட வேண்டும். அடுத்து, முந்தானையைச் செருகி, பின்னலை மடித்துக் கட்ட வேண்டும். நூல் சிக்கெடுக்கவோ எண்ணெய் போடவோ தறியை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

3. “ஃபியூஸ்தான் இருக்கே!”

எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. ஆனால் ஃபியூஸ் வயரைத்தான் காப்பாற்றும், மனிதரை அல்ல. 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5000 மில்லி ஆம்பியர். அது எரிந்து போவதற்கு ரொம்ப முன்னாலேயே, சில பத்து மில்லி ஆம்பியர் மின்சாரம் உடம்பில் பாய்ந்தாலே உயிர் போகலாம். மனிதரைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வேண்டும். மோட்டாருக்கு எர்த் வேண்டும். மழைக்கால ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் விலக்குங்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

4. வலிக்காமல் போகும் காது

என் அம்மா பல வருஷமாகத் தறி ஓட்டுகிறார். இப்போது நாங்கள் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கிறது. உள்காதில் சத்தத்தை உணரும் நுண்ணிய மயிரிழை செல்கள் இருக்கின்றன. அவை செத்துப்போனால் திரும்ப முளைக்காது. வலியே இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு சுலபமான சோதனை: ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் 8 மணி நேரம் அதில் இருந்தால் காது கெடும். பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக் கடையில் ஸ்பாஞ்ச் காதடைப்பான் கிடைக்கும், அதை வாங்கிப் போட வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

முன்பு அமெரிக்கா, இங்கிலாந்து மில்களில் நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒரே நாடாவில் பலர் வாய் வைத்ததால் காசநோய் பரவும் என்ற பயம் வந்தது. 1911-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கையாலேயே நூல் கோக்கும் நாடா வந்தது. “ஜாக்கிரதையாக உறிஞ்சு” என்று சொல்லி இது தீரவில்லை. நாடாவையே மாற்றினார்கள், தீர்ந்தது!

சட்டம் நம் தெருவுக்கு வருமா?

1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரத்தில் மிஷின் ஓடி 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் அது 20 பேர் ஆகிவிட்டது. நாலு தறி ஓடும் வீட்டுக் கொட்டகை இதில் எங்கே வரும்? இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

மனிதர் என்றால் களைப்பு வரும், தூக்கம் வரும், வீட்டுக் கவலை வரும். ராத்திரி ஷிப்ட் முழுக்க யாராலும் ஜாக்கிரதையாகவே இருக்க முடியாது. தடுப்புக் கம்பிக்குத் தூக்கம் வராது! எனவே முதலில் மிஷினைச் சரி செய்வோம், அடுத்து பழக்கத்தைச் சரி செய்வோம். “ஜாக்கிரதை” அதற்கும் அடுத்துதான்.

தறி இருக்கும் வீட்டு மாணவர்கள் இந்த வாரம் பார்த்து வர வேண்டியவை:

* தறியில் நாடா தடுப்புக் கம்பி இருக்கிறதா?
* பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா?
* எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் இருக்கிறதா?
* காதடைப்பான் இருக்கிறதா?

நாலுக்கும் “இருக்கு” என்றால் சந்தோஷம். எதற்காவது “இல்லை” என்றால் அப்பா அம்மாவிடம் அதை முதலில் கேளுங்கள், புது டிரஸ்ஸை அப்புறம் கேட்கலாம்.

வருமுன் காப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி