குதிரைக்கு ரசீது உண்டா? மலைக்கிராம ஒப்பந்தமும் வருமான வரியும்

கொடைக்கானல் மலைச்சரிவில், வட்டக்கானலுக்குக் கீழும் கும்பக்கரைக்கு மேலுமாக அமைந்த ஊர் வெள்ளகவி. தலைமுறைகளாக மோட்டார் வண்டி எட்டாத ஊர். அரிசி மூட்டை முதல் சிமெண்ட் மூட்டை வரை குதிரை முதுகிலோ மனிதர் தலையிலோதான் அங்கு போய்ச் சேர்ந்தன. இத்தகைய ஊரில் ஒரு குடிநீர்த் தொட்டியையோ அரசு வீட்டையோ கட்டும் ஒப்பந்ததாரரின் கணக்கில், பொருள் விலையோடு சுமைக்கூலியும் பெருந்தொகையாக நிற்கும். சிமெண்டுக்குக் கடை ரசீது உண்டு. குதிரைக்காரரிடம் ரசீதுப் புத்தகம் இருப்பதில்லை. வருமான வரித் துறையோடு எழும் செலவுத் தகராறு இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இது கணக்காளர்கள் பேசவேண்டிய செய்தியல்லவா என்று கேட்கலாம். மத்திய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து பெறவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை. கர்நாடகம் அரசு ஒப்பந்தப் பணிகளிலேயே இடஒதுக்கீடு அளிக்கிறது. இவ்வாறு முதல் தலைமுறையாக ஒப்பந்தத் தொழிலுக்குள் நுழையும் தலித் இளைஞர், பணியைச் சரியாக முடித்தும், சில ஆண்டுகள் கழித்து வரும் ஒரு நோட்டீசால் மூலதனத்தை இழக்க நேரிடும். போராடிப் பெற்ற வாய்ப்பு தாளில் தோற்கக்கூடாது என்பதே நம் கவலை.

சட்டம் என்ன கேட்கிறது?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு, முழுமையாகவும் தொழிலுக்காக மட்டுமே செய்யப்பட்டதுமான செலவைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. செலவு உண்மையில் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை, கழிவு கோருபவரைச் சேர்ந்தது.

அடுத்த தடை 40ஏ(3) பிரிவு. ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவு முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்படும். செலவு உண்மையானது என்று காட்டுவது மட்டும் போதாது. சரக்கு வண்டி வாடகைக்கு இவ்வரம்பு 35,000 ரூபாய். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டி என்பது மோட்டார் வாகனமே. எனவே லாரிக்குக் கிடைக்கும் சலுகை குதிரைக்கும் கிடைக்கும் என்று நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து. சாலை உள்ள ஊருக்கு வரம்பு கூடுதல், சாலையற்ற ஊருக்குக் குறைவு என்ற முரண் இதில் இருக்கிறது.

குதிரைக்காரருக்கு நாள்தோறும் 3,000 ரூபாய் வீதம் சேர்ந்த ஆறு நாள் கூலியைச் சனிக்கிழமை மொத்தமாகக் கொடுத்தால் 18,000 ரூபாய். வரம்பு தாண்டிவிட்டது. அன்றன்றே கொடுத்திருந்தால் தாண்டியிருக்காது. சனிக்கிழமை கொடுத்துவிட்டு ஆறு நாளாகப் பிரித்து எழுதுவதோ பொய்ப் பதிவு ஆகும். அது இன்னும் பெரிய தண்டனைக்கு வழிதிறக்கும்.

மலைக்கிராமத்துக்கு ஒரு வாசல்

1991இல் அத்தர் சிங் குர்முக் சிங் வழக்கில் இந்த ரொக்கக் கட்டுப்பாடு செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்பிரிவை வருமான வரி விதிகளில் உள்ள விலக்குகளோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்றும் அது விளக்கியது. அவ்விலக்குகளைக் கூறுவது விதி 6டிடி.

அதில் ஒன்று வெள்ளகவி போன்ற ஊர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பணம் கொடுக்கும் நாளில் வங்கிச் சேவை இல்லாத ஊரில், அவ்வூரில் வழக்கமாக வசிப்பவருக்கோ தொழில் செய்பவருக்கோ கொடுத்த ரொக்கத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆனால் இந்த வாசல் குறுகியது. பணம் அந்த ஊரிலேயே கைமாறியிருக்க வேண்டும். அதே குதிரைக்காரரிடம் கொடைக்கானல் கடைவீதியில் வைத்துக் கொடுத்தால் விலக்கு இல்லை. வங்கிச் சேவை இல்லை என்பதையும் நாமே காட்டவேண்டும். ஆகவே இடம், நாள், பெறுபவரின் ஊர் ஆகிய மூன்றும் ரசீதில் இருப்பது இன்றியமையாதது.

எவ்வளவு இழப்பு?

கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். 2024-25 நிதியாண்டில் ஒரு தனிநபர் ஒப்பந்ததாரருக்கு வங்கி வழியாக வந்த தொகை 80 லட்சம். செலவு 76 லட்சம், இலாபம் 4 லட்சம் என்று காட்டுகிறார். புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி இல்லை. செலவில் 12 லட்சம் ரூபாய் சுமைக்கூலியை அதிகாரி ஏற்கவில்லை என்றால், இலாபம் 16 லட்சமாகிறது. வரி, கூடுதல் தீர்வையோடு 1,76,800 ரூபாய். வட்டி தனி.

அபராதம் அதற்கும் மேல். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகக் கொண்டால் வரியில் 50 விழுக்காடு. திரித்துக் காட்டியதாகக் கொண்டால் 200 விழுக்காடு. எந்தச் சான்றும் இல்லாத செலவுக் கோரிக்கையும், கணக்கில் பொய்ப் பதிவும் இரண்டாம் வகையில் அடங்கும் என்கிறது 270ஏ பிரிவு. செலவழித்த பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாவிட்டால் 69சி பிரிவு பாயும். அப்போது மொத்தச் சுமை அத்தொகையில் 78 விழுக்காடு.

இதே ஒப்பந்ததாரருக்கு வேறொரு வழியும் இருந்தது. 44ஏடி பிரிவின்கீழ், வங்கி வழி வரவில் 6 விழுக்காட்டை, அதாவது 4,80,000 ரூபாயை இலாபமாக அறிவித்திருக்கலாம். அப்போதும் வரி இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது காட்டிக் கழிவு கோரும் நிலையும் எழாது. பெருமளவு வங்கி வழியாகவே வரவு உள்ளவருக்கு 3 கோடி வரை இவ்வழி உண்டு. ஆனால் இதில் நுழைந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால், அதன்பின் ஐந்து ஆண்டுகள் திரும்ப முடியாது. இலாபம் 6 விழுக்காட்டுக்குக் குறைவு என்று காட்டும்முன் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

பெயரைக் கடன் கொடுப்பவர்

மிகப்பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பணியை ஒரு தலித்தின் பெயரில் எடுத்து, ஆதிக்கச் சாதி ஒப்பந்ததாரரே நடத்தி, பெயருக்குரியவருக்குச் சிறு தொகை கொடுக்கும் முறையை நாம் அறிவோம். வரித் துறையின் கண்ணுக்குத் தெரிவதோ நிரந்தரக் கணக்கு எண் மட்டுமே. 194சி பிரிவின்கீழ் பிடிக்கப்படும் 1 விழுக்காடு அவர் பெயரில் பதிவாகிறது. முழு வரவும் அவர் வருமானமாகக் காட்சியளிக்கிறது. ரசீதுகளோ மற்றவரின் அலமாரியில் இருக்கின்றன. நோட்டீஸ் வரும்போது அவர் தனியே நிற்கிறார். பெயரைக் கொடுப்பது இடஒதுக்கீட்டை விட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. பிறருடைய வரிக்கடனையும் ஏற்பதாகிவிடுகிறது.

உழைப்பவரின் கையெழுத்து

கூலிப் பட்டியலில் 700 ரூபாய் எழுதி, கையில் 500 கொடுப்பதும் செலவுக் கோரிக்கைதான். அதில் ஏமாற்றப்படுவது வரித் துறை மட்டுமன்று. கைநாட்டு வைத்த தொழிலாளியும்தான். ஒப்பந்ததாரர் தலித்தாக இருப்பதால் இது நியாயமாகிவிடாது. பெயர், ஊர், வேலை, நாள், பெற்ற தொகை, சாட்சியுடன் கூடிய கையொப்பம் என்று ஒழுங்காக எழுதிய கூலிச்சீட்டு, முதலாளிக்கு வரிச் சான்று; தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்கும் சான்று.

சுமைக்கூலிக்கும் இதுவே வழி. எத்தனை குதிரை, என்ன சுமை, எங்கிருந்து எங்கே என்பதை அன்றன்றே எழுதவேண்டும். பணியின் மதிப்பீட்டில் தலைச்சுமைக் கூலி தனியே காட்டப்பட்டிருந்தால் அதன் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், சுமை ஏறும் நிழற்படம் ஆகியவை துணைநிற்கும். கணக்குகளை ஆறு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

நோட்டீஸ் இன்று மின்னஞ்சலிலும் வரித் துறை இணையதளத்திலும் வருகிறது. அங்கே பதிவான மின்னஞ்சல் நம்முடையதா, முன்பு கணக்கு எழுதியவருடையதா என்று பார்த்துக்கொள்வது முதல் காப்பு. ஆணை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும்; பொதுவாக 20 விழுக்காட்டைச் செலுத்தி மீதி வசூலை நிறுத்திவைக்கக் கோரலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும்.

இயக்கங்கள் ஒப்பந்த ஒதுக்கீடு கேட்கும்போதே கணக்குப் பயிற்சியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். மலைக்கிராமப் பணிகளின் மதிப்பீட்டில் சுமைக்கூலியை வெளிப்படையாகக் காட்டுமாறு ஒன்றிய அலுவலகங்களை வலியுறுத்தவேண்டும். வணிகவியல் படிக்கும் நம் மாணவர்கள் தம் ஊர் ஒப்பந்ததாரர் ஒருவருக்குக் கூலிச்சீட்டு எழுதக் கற்றுக்கொடுத்தால், அதுவும் உரிமைப் பணியே.