அருணையில் அயலார் – 9: விடைபெறும் வேளை

சென்ற வாரம் பிரஸ்தாபித்த மெர்சிடிஸ் தி அகோஸ்தா, 1938-ஆம் ஆண்டில் ரமணாசிரமத்துக்கு வந்து மூன்றே நாள் தங்கியிருந்தும், 1960-இல் தாம் வெளியிட்ட சுயசரிதையை மகரிஷிக்கே சமர்ப்பணம் செய்தவர். நியூயார்க்கில் பிறந்தவராயினும் ஸ்பானிய வம்சத்தவர். அவருடைய முன்னோரின் பாஷையைப் பேசும் யாத்திரிகர் இன்று செங்கம் சாலையில் அபூர்வமல்லர். அவர்களுள் ஒருவர் ஊருக்குப் புறப்படுகையில், தங்குகிறவர் ‘வாயா கோன் தியோஸ்’ என்றோ, ‘கே லே வாயா பியென்’ என்றோ வாழ்த்துவதுண்டு. ஈசுவரன் துணையோடு செல்க என்பது முன்னது. தங்களுக்கு யாவும் நலமாய் நடக்க என்பது பின்னது.

இந்த ‘வாயா’ நம் இலக்கணத்தில் பழகியவர்க்கு அந்நியமாகத் தோன்றாது. ஏவலின் அதிகாரமும் வேண்டுதலின் தாழ்மையுமின்றி, நிகழவேண்டியதை மனத்தால் விழையும் வியங்கோளே அது. அதிலும், எதிரே நிற்கும் பெரியவரைக் குறித்தே சொல்லினும் அவ்வினை படர்க்கை உருவிலேயே நிற்கிறது, ஏனெனில் அவர்களுடைய மரியாதை விளி ‘தங்கள் கிருபை’ என்ற பழைய உபசாரத் தொடரிலிருந்து பிறந்தது. தன்மை முன்னிலைகளில் வியங்கோள் பெரும்பாலும் பொருந்தாதென்று தொல்காப்பியர் வரையறுத்ததையும், எல்லா இடத்துக்கும் அதனை இசைவித்து நன்னூலார் இளகியதையும் கற்ற ஒரு புலவர், ஸ்பானிய வாழ்த்தைக் கேட்டால் தொல்காப்பியர் பக்கமே சாய்வாரென்று நினைக்கிறேன்.

நம் வழக்கிலோ முதலில் பேச வேண்டியவர் போகிறவரே. “போயிட்டு வரேன்” என்று அவர் சொன்ன பிறகுதான் “நல்லபடியா போயிட்டு வாங்க” என்னும் மறுமொழி பிறக்கும். ‘போ’ என்று வெறுமனே சொல்ல இவ்வூர்ப் பாட்டிமார் இன்றும் அஞ்சுவர். ஆகவே நம் வாழ்த்தில் மீட்சியின் வாக்குறுதி கலந்திருக்கிறது; ஸ்பானிய வாழ்த்தோ, திரும்பி வருவதைப் பற்றிக் கேளாமல் போகிறவரைத் தெய்வத்தினிடம் ஒப்படைத்துவிடுகிறது. பற்றற்ற அன்பு என்று பார்த்தால் எனக்கு அதுவே ஒரு படி உயர்ந்ததாகத் தோன்றுகிறது, பாட்டிமார் மன்னிப்பார்களாக.

இவ்விரு சம்பிரதாயங்களுக்கும் அடங்காத விடைபெறல் ஒன்றும் இத்தலத்தின் சரித்திரத்தோடு சேர்ந்தது. 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையில், பின்னாளில் மகரிஷியான பதினாறு வயது வேங்கடராமன், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். அச்சீட்டில் வருகிறேன் என்ற சொல் இல்லை. கையொப்பமும் இல்லை, அது இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கோடு. யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்கவும் வேண்டாம் என்று, தங்குகிறவர்களின் சேமத்தைப் போகிறவரே விழைந்த விநோதம் அது. அதோடு, தமையனாரின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற கணக்கும் இருந்தது! செப்டம்பர் முதல் தேதி அவர் அருணாசலேசுவரர் சந்நிதியை அடைந்தார்.

அந்த வேண்டுகோளைத் தாயார் அழகம்மை ஏற்கவில்லை. 1898-இல் பவளக்குன்றுக்கு வந்து அழைத்தார். மௌனத்திலிருந்த மகன் விதியின் நியதியைக் காகிதத்தில் எழுதிக் காட்ட, மனம் நொந்து மானாமதுரை திரும்பினார். 1916-இல் மகனோடு தங்கவே வந்தவர், 1922 மே 19 அன்று மலையிலேயே முடிவெய்தினார். அடிவாரத்தில் அவருடைய சமாதியின்மேல் எழுந்ததே மாத்ருபூதேசுவரர் ஆலயம். மகரிஷி மலையிலிருந்து இறங்கித் தங்கியதும், ஆசிரமம் வளர்ந்ததும் அதனருகில்தான்.