தையலும் கணிப்பொறியும் ஓரறையில்

இல்லம் என்பது உண்பதற்கும் உறங்குவதற்கும் மட்டும் அமைந்த இடமன்று. உழைப்பதற்கும் கற்பதற்கும் உரிய இடமும் அதுவே. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறிய நம்மனோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். வாடகை வீட்டில் அறைகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றுள் ஒன்றிலே இல்லத்தரசி தையல் தைத்து நாலு காசு ஈட்டுகிறார். பிள்ளைகள் வளர்ந்ததும் அதே அறையிலே கணிப்பொறிக்கும் இடம் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஓரறையில் செவ்வனே அமைப்பது எப்படி என்று சங்க அன்பர்கள் சிலர் வினவினர். விஜயபுரத்தில் நம் சிறு இல்லத்தில் அமைத்த முறையையும், அதன் தொடர்பாகப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

பழைய உறவு

தையற்பொறியும் கணிப்பொறியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு துணியில் பூவேலை நெய்யும் தறியை அமைத்தார். எந்த இழை மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அட்டையின் துளையே தறிக்கு அறிவித்தது. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டுச் சேலைக்குக் கரை போடும் ஜக்கார்டுப் பெட்டி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிகளின் ஓசையிடையே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது எளிது.

அதே அட்டை முறையைத்தான் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் வகுத்த கணக்குப் பொறிக்குப் பயன்படுத்த எண்ணினார். பின்னர், அமெரிக்காவில் ஹாலரித் என்பார் 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கைத் துளையட்டைகளால் கணக்கிட்டுக் காட்டினார். இரயில் வண்டியில் நடத்துநர் பயணச்சீட்டில் பயணியின் அடையாளங்களைத் துளையிட்டுக் குறித்ததைக் கண்டு தமக்கு அவ்வெண்ணம் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். இரயில்வே எழுத்தரான நமக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தருவது இயல்பே. தறியின் வழித்தோன்றலே கணிப்பொறி என்றால், அதனைத் தையற்பொறியின் அருகே வைப்பதில் பொருத்தமின்மை ஒன்றுமில்லை.

யாருக்கு முதலுரிமை?

எலியாஸ் ஹோவ் 1846-லும், ஐசக் சிங்கர் 1851-லும் தையற்பொறிக்கு உரிமை பெற்றனர். பொறிகளின் ஆதிக்கத்தைக் கடிந்த காந்தியடிகளே, 1924-இல் நடந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையற்பொறிக்கு விலக்கு அளித்தார். மனைவியின் கைவருத்தம் தீர வேண்டும் என்னும் அன்பினால் பிறந்த பொறி அது என்பது அவர் கருத்து. பொறி மனிதனுக்காக இருக்க வேண்டும் என்னும் அவ்வளவுகோலை இன்றும் நாம் மறத்தலாகாது.

ஆனால் பல இல்லங்களில் நிகழ்வது யாது? இரவிக்கை தைத்தும், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தும் சேர்த்த பணத்தில் கணிப்பொறி வருகிறது. வந்த மறுநாளே அதற்குச் சன்னலோரம் இடம் ஒதுக்கப்படுகிறது. தையற்பொறி நடைக்கோ தாழ்வாரத்துக்கோ தள்ளப்படுகிறது. பணம் ஈட்டித் தந்தவர் மங்கிய ஒளியில் ஊசிக்கு நூல் கோக்கத் தடுமாறுகிறார். கண் கெடுகிறது, வேலை குறைகிறது, சில திங்களில் பொறியின்மேல் துணி மூட்டை ஏறிவிடுகிறது. வீட்டின் ஒரு வருவாய் இங்ஙனம் ஓசையின்றி அற்றுப்போகிறது. ஆகவே அறையை அமைக்கப் புகுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: பகலொளியில் முதலுரிமை ஊசிக்கே உரியது. திரை தன் ஒளியைத் தானே தரும், ஊசி தராது.

இடமும் ஒளியும்

பத்தடி நீளமும் ஒன்பதடி அகலமும் உள்ள அறை போதும். நீளச் சுவரை நோக்கி இரு மேசைகளையும் வரிசையாக இடுக. சன்னல் இடக்கைப் புறம் அமைதல் வேண்டும். வலக்கையால் வேலை செய்வோர்க்கு அப்பொழுதுதான் கையின் நிழல் தையலின்மேல் விழாது. சன்னலை ஒட்டித் தையற்பொறியும், அதற்கு இரண்டரை அடி தள்ளிக் கணிப்பொறியும் இருக்கட்டும். அவ்வாறு வைத்தால் சன்னல் திரைக்கு நேர் எதிரிலும் வாராது, பின்புறமும் வாராது, பக்கத்தில் நிற்கும். கண்ணைக் கூசும் பளபளப்பு குறையும். ஒரே சன்னல் இரண்டு வேலைக்கும் உதவுவது இம்முறையின் நன்மை.

இரு மேசைகளையும் ஒரே பலகையால் இணைத்தல் ஆகாது. மிதிக்கும்பொழுது எழும் அதிர்ச்சி கணிப்பொறியைத் தாக்கும். சுழலும் தட்டு உள்ள பழைய பொறிகளுக்கு அது கேடு.

உயரத்திலும் கருத்து வேண்டும். மிதிபொறியின் மேசை ஏறத்தாழ 30 அங்குலம் இருக்கும். தட்டச்சுப் பலகை அதனினும் இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பின் தோள் நோவாது. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருக்க வேண்டும். துணி வெட்டும் பலகையோ நின்று வேலை செய்வதற்குரியது; ஆதலின் அது 36 அங்குல உயரம் இருத்தல் நலம். தரையில் குனிந்து வெட்டி முதுகு வலிக்கு ஆளான தாய்மார்கள் இதனை உணர்வர்.

வெட்டும் பலகைக்குத் தனி இடம் ஏது எனக் கேட்கலாம். எதிர்ச்சுவரில் ஐந்தடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை ஒன்றைக் கீல் வைத்துப் பொருத்துக. வேண்டும்பொழுது தாழ்த்தி முட்டுக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் சுவரோடு மடக்கிவிடலாம். இவை யாவும் திருகாணியால் பொருத்தப்படுதல் வேண்டும். மாற்றல் உத்தரவு என்று வரும் என்று அறியாத நம்மைப் போன்றோர், கழற்றிக் கட்டிக்கொண்டு போகக்கூடியதையே செய்துகொள்ள வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் முறை.

மின்சாரமும் தூசும்

6 ஆம்பியர் முனை ஒன்று 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட் அளவே. இஸ்திரிப் பெட்டி 1000 வாட் இழுக்கும். கணிப்பொறியும் திரையும் ஏறத்தாழ 200. தையற்பொறியின் மோட்டார் 100. மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் எல்லை நெருங்கிவிடும், கம்பி சூடேறும். ஆகவே இஸ்திரிப் பெட்டிக்குத் தனி முனை இன்றியமையாதது. மின்தடைக் காலத்துக்கென வைக்கும் யு.பி.எஸ். கருவியில் கணிப்பொறியை மட்டும் இணைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியையோ மோட்டாரையோ இணைக்கலாகாது. முனைகளுக்கு நிலத்தொடர்புக் கம்பி உண்டா என்பதை மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்க. மோட்டார் பொருத்தினாலும் மிதியைக் கழற்றிப் போட வேண்டா. மின்சாரம் நின்ற வேளையில் அதுவே கைகொடுக்கும்.

பஞ்சுத் தூசு இரு பொறிகளுக்கும் பகை. கணிப்பொறிப் பெட்டியைத் தரையில் வையாது ஓரடி உயர்த்தி வைக்கவும். திங்கள் ஒருமுறை மின்இணைப்பை நீக்கி, அதன் விசிறியை மென்தூரிகையால் துடைக்கவும். அன்றே தையற்பொறியின் பற்களுக்கு அடியிலும் பாபின் கேஸிலும் சேர்ந்த பஞ்சை நீக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழந்துணியில் சிறிது தைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஊசியும் குண்டூசியும் மூடியுள்ள டப்பாவில் இருக்க வேண்டும் என்பதைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒன்றுக்கொன்று துணை

ஓரறையில் வைப்பதன் பெரும்பயன், ஒன்று மற்றதற்கு உதவுவதே. வாடிக்கையாளரின் தோள், மார்பு, இடை, கை நீள அளவுகளையும், துணி தந்த நாள், கொடுக்க வேண்டிய நாள், வாங்கிய முன்பணம் ஆகியவற்றையும் கணிப்பொறியில் அட்டவணையாக எழுதி வைக்கலாம். பிறர் உடலளவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகும். ஆதலின் அக்கோப்புக்குக் கடவுச்சொல் இடுதல் கடமை.

அளவுக்கேற்ப வெட்டுப்படம் வரையும் ஸீம்லி, உடுப்பின் வெட்டுப்படங்களை அளித்திடும் ஃப்ரீசூயிங், பூவேலைப் பொறிக்கு வடிவம் அமைக்கும் இங்க்ஸ்டிச் ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. வெட்டுப்படத்தை ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். அச்சிடும்பொழுது முழு அளவிலேயே வருமாறு குறித்து, தாளில் உள்ள சோதனைச் சதுரத்தை முதலில் டேப்பால் அளந்து பார்க்கவும். அது குறைந்தால் இரவிக்கையும் குறையும்! இதற்கென அச்சுப்பொறி வாங்க வேண்டுவதில்லை; நகலகத்தில் அச்சிட்டுக்கொண்டால் போதும்.

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தையலும் ஒன்று. பயிற்சியும், கருவிகளுக்கு ரூ.15,000 உதவியும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஓர் இலட்சம் வரை கடனும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. பொதுச் சேவை மையத்தில் நடப்பு நிலையைக் கேட்டறிந்து விண்ணப்பிக்கலாம். அரசுப் பணியாளர் குடும்பத்தார்க்கு இதில் இடமில்லை. ஆதலின் நம் இல்லத்துக்கு இது பயன்படாது. தனியார் ஆலைகளிலும் கடைகளிலும் பணிபுரியும் அன்பர்களின் இல்லத்தார் பயன் பெறுவார்களாக.

பிள்ளைகளின் தமிழ்

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நம் விஜயபுரம் ஆந்திரத்தில் நின்றது. இங்குப் பள்ளியில் பிள்ளைகள் தெலுங்கு கற்கின்றனர். அது வாழும் மண்ணின் மொழி, கற்கத் தக்கதே. மும்பையிலும் தில்லியிலும் உள்ள அன்பர்களின் பிள்ளைகளுக்கும் நிலைமை ஏறக்குறைய இதுவே. தமிழெழுத்தை வீட்டில்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கணிப்பொறி நல்ல துணை. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் உரியன. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதைக் குழந்தை தன் இரு கைகளாலேயே உணர்ந்துகொள்ளும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக அளிக்கிறது. 2001-இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைப் பாடம் முதற்கொண்டு கற்பிக்கிறது.

தாய் தைத்துக்கொண்டிருக்க, இரண்டரை அடி தள்ளிப் பிள்ளை உரக்கப் படிப்பதே நல்ல ஏற்பாடு. பிழை நேர்ந்தால் தாய் காதால் கேட்டுத் திருத்துவார். பிள்ளை திரையில் வேறெங்கும் திரியாமலும் இருக்கும். நம் இல்லத்தில் பகற்பொழுது தையலுக்கும், மாலை ஆறு முதல் எட்டு வரை படிப்புக்கும் என வரையறுத்துள்ளோம். அவ்விரண்டு மணியில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஓசையில்லாத கொக்கி வைத்தல், ஹெம்மிங் ஆகிய கைவேலைகள் நடைபெறும். இருவரும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலைநிமிர்ந்து இருபதடித் தொலைவை இருபது நொடி நோக்குதல் கண்ணுக்கு நலம்.

பெரிய வீடும் பெருஞ்செல்வமும் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு சன்னல், இரு மேசை, ஒரு மடக்குப் பலகை, வீட்டிலுள்ளோரின் ஒத்த மனம் ஆகியவையே வேண்டுவன. இத்திங்களில் அன்பர்கள் தத்தம் இல்லத்தில் தையற்பொறி எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்ப்பார்களாக. அது இருட்டில் நின்றால், பிள்ளைகளையும் உடனழைத்துச் சன்னலருகே நகர்த்துவார்களாக.