போக ஒன்றரை, வர ஆறரை

ஜொகூரின் மாசாயில், ஒட்டுக்கடையில் தே தாரேக் வந்ததும் எதிர்வீட்டு அத்தை டிக்கெட் தாளை மேசைமேல் விரித்தார். சிங்கப்பூரில் காலை 10.00க்குக் கிளம்பினால் திருச்சியில் 11.30. திரும்பும்போது திருச்சியில் பகல் 12.30, சிங்கப்பூரில் இரவு 7.00. "போறதுக்கு ஒன்றரை மணி, வர்றதுக்கு ஆறரை மணியா தம்பி? வர்றப்ப எங்கயும் சுத்திட்டு வருமோ?"

எங்கும் சுற்றுவதில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். மணிக்கு 850 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க இன்னும் அரை மணி. போனாலும் வந்தாலும் 4 மணி நேரம்தான். ஆனால் டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் போடுவார்கள். நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது அது கழிகிறது, வரும்போது கூடுகிறது. "கைக்கடிகாரத்தைத் தொடாம போங்கத்தே, இறங்கறப்ப 2 மணி காட்டும்" என்றேன்.

இந்த இரண்டரை மணியைச் சூரியன் முழுவதும் கொடுக்கவில்லை. மாசாயில் உச்சிக்கு வந்த சூரியன் திருச்சியில் உச்சிக்கு வர 1 மணி 40 நிமிடம் போதும். மிச்சம் மனிதர்கள் வைத்தது. 1981 வரை வித்தியாசம் 2 மணி நேரமே. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. இங்கே பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்புவது அதனால்தான்.

பறக்கும் நேரத்தில் காற்றுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக்கடலின்மேல் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். பாய்மரக் கப்பல்களைத் தமிழகக் கரையிலிருந்து இந்தப் பக்கம் தள்ளிவந்த காற்று அது. அதே மாதங்களில், அதே கடலுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. இன்னும் உயரே அதன் வேகம் கூடும். இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் இதை விளக்கி எழுதினார். மணிக்கு 50 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் நடுவான் பயணம் 3 மணி 20 நிமிடத்தில் முடியும்; எதிரே அடித்தால் அதைவிடக் கிட்டத்தட்ட 25 நிமிடம் கூடும்.

"எங்கப்பா ரஜூலா கப்பல்ல ஒரு வாரம் வந்தாரு" என்றார் அத்தை. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கரைக்கும் ஓடியது.

நான் கவலைப்படுவது வானத்தைப் பற்றியல்ல. சாங்கி மாசாயிலிருந்து நேர்க்கோட்டில் 20 கி.மீ.தான், நடுவே ஜொகூர் நீரிணை. ஜொகூர் பாருவுக்குப் போய், 1924இல் திறந்த பாலத்தைக் கடந்து, இரண்டு குடிநுழைவுச் சோதனை முடித்து, மறுபடி கிழக்கே வர வேண்டும். காலை ஜாமில் அந்த ஒரு கிலோமீட்டர் பாலமே மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும்.

அத்தை பேனாவை வாங்கி, 10.00 என்பதற்குப் பக்கத்தில் "கார், விடிகாலை 4" என்று எழுதிக்கொண்டார்.